கடலூர்–சிதம்பரம் பகுதியில் கடும் வெயிலும் காயச் சாவுகளும்

கடும் வெயிலால் மனிதர் இறக்கும் வழிகளுள் வெப்ப வாதம் (சன் ஸ்ட்ரோக்) ஒன்று மட்டுமே. நீரில் மூழ்குதல், தீக்காயம், மரத்திலிருந்தோ கட்டடத்திலிருந்தோ விழுதல், சாலை விபத்து, வேலையிட விபத்து, தற்கொலை, அடிதடி ஆகியவற்றால் நேரும் இறப்புகளிலும் வெயிலுக்குப் பங்கு உண்டு. இவை பொதுவாகக் 'காயச் சாவுகள்' எனப்படும். தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்தில், குறிப்பாகக் கடலூர், சிதம்பரம் ஆகிய இரு நகரங்களையும் அவற்றைச் சூழ்ந்த ஆற்றோர, கடலோர ஊர்களையும் கொண்ட பகுதியில், இந்தத் தொடர்பை 18ஆம் நூற்றாண்டின் போர்க்களங்களிலிருந்து இன்றைய ஆற்றுத் தடுப்பணைகள் வரை காணலாம். இறப்பைப் பதியும் ஏடுகள் கடைசியாக உயிரைப் பறித்த காரணத்தையே எழுதிவைப்பதால், வெயில் பெரும்பாலும் அவற்றில் இடம்பெறுவதில்லை. இதுவே இந்த வரலாற்றை அறிவதிலுள்ள முதன்மையான சிக்கல்.

காயச் சாவு: வரையறை

மருத்துவப் புள்ளியியலில் இறப்புகள் மூன்று பெரும் பிரிவுகளாகப் பகுக்கப்படுகின்றன. தொற்றுநோய், மகப்பேறு, ஊட்டக்குறை ஆகியவற்றால் நேர்பவை முதல் பிரிவு. இதயநோய், புற்றுநோய் போன்ற தொற்றா நோய்களால் நேர்பவை இரண்டாம் பிரிவு. உடலுக்கு வெளியே உள்ள காரணங்களால் நேர்பவை மூன்றாம் பிரிவு. உலக நலவாழ்வு அமைப்பின் பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பில், இருபதாம் அத்தியாயம் இந்தப் புறக் காரணங்களுக்கென ஒதுக்கப்பட்டது. விபத்து, தற்கொலை, கொலை, பாம்புக்கடி, தீ, நீரில் மூழ்குதல் ஆகியவை அதில் அடங்கும். இயற்கையான மிகைவெப்பத்துக்கு ஆட்பட்டு இறப்பதும் அதே அத்தியாயத்தில் தனிக் குறியீட்டுடன் இடம்பெற்றுள்ளது.

எனவே வெயில் இரண்டு வகையில் காயச் சாவுகளைக் கூட்டுகிறது. முதல் வகையில் வெயிலே நேரடிக் காரணம். உடல் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டி, அறிவு தடுமாறி, உறுப்புகள் செயலிழந்து இறப்பு நேர்கிறது. இரண்டாம் வகையில் வெயில் மறைமுகக் காரணம். நீரிழப்பும் களைப்பும் தூக்கமின்மையும் ஒருவரின் கவனத்தைக் குலைக்கின்றன, பிடி தளர்கிறது, முடிவெடுக்கும் வேகம் குறைகிறது. அல்லது வெயிலைத் தணித்துக்கொள்ள அவர் செய்யும் செயலே ஆபத்தாகிறது. முதல் வகையை மருத்துவர் கண்டறிந்து எழுத முடியும். இரண்டாம் வகையை ஒரு தனி இறப்பை மட்டும் வைத்துக் கண்டறிய முடியாது. பல ஆண்டுகளின் இறப்புக் கணக்கை வெப்பநிலைக் கணக்கோடு பொருத்திப் பார்க்கும்போதுதான் அது தெரியவரும்.

நிலமும் பருவமும்

பழைய தென்னார்க்காடு மாவட்டம் 1993 செப்டம்பர் 30 அன்று பிரிக்கப்பட்டு, கடலூரைத் தலைநகராகக் கொண்ட கடலூர் மாவட்டம் உருவானது. தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு ஆகிய ஆறுகள் இம்மாவட்டத்தில் கடலில் கலக்கின்றன. தென் எல்லையில் கொள்ளிடம் ஓடுகிறது. மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கிறது. தென்மேற்குப் பருவமழை இந்தக் கரைக்குக் குறைவாகவே வருகிறது. இதனால் மே மாதத் தொடக்கம் முதல் இறுதி வாரம் வரை நீளும் கத்திரி வெயில் முடிந்த பின்னும், ஆனி மாதம் முழுவதும் இங்கு வெப்பம் நீடிக்கிறது.

கடலோரத்துக்கு ஒரு காப்பு உண்டு. நண்பகலை ஒட்டி வீசத் தொடங்கும் கடற்காற்று வெப்பம் மேலும் ஏறாமல் தடுக்கிறது. மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று வலுவாக வீசும் நாட்களில் கடற்காற்று உள்ளே வரத் தாமதமாகிறது. அப்போது கரையோர நகரங்களும் உள்நாட்டு நகரங்களைப் போலக் காய்கின்றன. இதே கரையில் வடக்கே உள்ள சென்னையில் 2003 மே 31 அன்று 45 பாகை செல்சியஸ் பதிவானது. கடற்காற்று வந்த பின்னும் தொல்லை முழுதாகத் தீர்வதில்லை. காற்றிலுள்ள ஈரம் வியர்வையை உலரவிடாததால் உடல் குளிர்வது தடைப்படுகிறது. இரவிலும் புழுக்கம் நீடிப்பதால் தூக்கம் கெடுகிறது.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அளவுகோலும் இந்த வேறுபாட்டைக் கருத்தில் கொள்கிறது. சமவெளியில் வெப்ப அலையைக் கணிக்க உச்ச வெப்பம் குறைந்தது 40 பாகையாக இருக்க வேண்டும். கடலோரத்தில் 37 பாகையைத் தொட்டு, இயல்பைவிட 4.5 பாகை கூடுதலாக இருந்தாலே போதுமானது.

கோடைப் போர்கள், 1758–1783

கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் இருந்த புனித டேவிட் கோட்டையை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690இல் மராத்தியரிடமிருந்து வாங்கியது. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானபோது, சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடமாக இக்கோட்டையே இருந்தது. அடுத்த நாற்பது ஆண்டுகளில் இந்தப் பகுதி பலமுறை போர்க்களமானது. அவற்றுள் முதன்மையானவை அனைத்தும் கோடையில் நடந்தன. பிரெஞ்சுத் தளபதி லாலி 1758 ஏப்ரல் இறுதியில் புதுச்சேரியில் வந்திறங்கினார். மே மாதத்தில் கடலூரையும், ஜூன் 2 அன்று புனித டேவிட் கோட்டையையும் கைப்பற்றினார். ஐதர் அலியுடனான போரில் ஆங்கிலத் தளபதி அயர் கூட், மைசூர்ப் படையினர் காவலில் இருந்த சிதம்பரம் கோயில் அரணை 1781 ஜூன் 18 அன்று தாக்கித் தோற்றார். ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில் ஐதரின் பெரும்படையை எதிர்கொண்டு வென்றார். 1783 ஜூன் 13 அன்று கடலூருக்கு வெளியே ஜேம்ஸ் ஸ்டூவர்ட் தலைமையிலான ஆங்கிலப் படையும் புஸ்ஸியின் தலைமையிலான பிரெஞ்சுப் படையும் மோதின. அந்த ஒரே நாளில் ஆங்கிலத் தரப்பில் மட்டும் ஏறத்தாழ ஆயிரம் பேர் இறந்தோ காயமடைந்தோ போயினர்.

போர்கள் கோடையில் அமைந்ததற்குப் பருவக்காற்றும் ஒரு காரணம். ஐப்பசியில் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் துறைமுக அரண் இல்லாத இந்தத் திறந்த கரையில் பாய்மரக் கப்பல்கள் நிற்க முடியாது. கப்பற்படைகள் பம்பாய்க்கோ திருகோணமலைக்கோ போய்விடும். கடல்வழி உணவும் ஆளும் வெடிமருந்தும் கிடைக்கும் மாதங்களுக்குள் போரை முடிக்க வேண்டியிருந்தது. அவை பெரும்பாலும் வெயில் மாதங்களாக இருந்தன.

வெயிலில் காயம் படுவது குளிர்காலத்தில் காயம் படுவதைப் போன்றதன்று. கடும் வெயிலில் உழைக்கும் ஒருவர் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேல் வியர்வையாக இழக்கக்கூடும். உடலைக் குளிர்விக்கத் தோலை நோக்கி இரத்தம் திருப்பப்படுவதால் உள்ளுறுப்புகளுக்குச் செல்லும் இரத்தம் ஏற்கெனவே குறைந்திருக்கும். அந்நிலையில் குண்டடியால் இரத்தம் வெளியேறினால், உடல் தாங்கும் எல்லை விரைவில் வந்துவிடும். புண்களில் ஈ மொய்ப்பதும் சீழ் பிடிப்பதும் சூட்டில் விரைவாக நடக்கும். தண்ணீர் இந்தப் போர்களின் போக்கையே மாற்றியிருக்கிறது. 1783 ஜூன் 20 அன்று கடலூர்க் கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனுடன் மோதிய பின்னர், ஆங்கிலக் கடற்படைத் தலைவர் எட்வர்ட் ஹியூஸ் சென்னைக்குத் திரும்ப நேர்ந்தது. மாலுமிகளைப் பீடித்த ஸ்கர்வி நோயும் குடிநீர்ப் பற்றாக்குறையும் அதற்குக் காரணங்களாயின. படைக் கணக்குகளோ கொல்லப்பட்டவர், காயமடைந்தவர், காணாமற்போனவர் என்ற தலைப்புகளில் எழுதப்பட்டன. அக்கணக்குகளில் வெயிலுக்கெனத் தலைப்பு இல்லை.

பதிவேட்டில் 'காயங்கள்' என்ற பத்தி

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தில் இறப்புகளை முறையாகப் பதியும் வழக்கம் பரவியது. 1864இல் தொடங்கிய சுகாதார ஆணையர் அமைப்பு ஊர்தோறும் திரட்டப்பட்ட கணக்குகளை மாவட்டவாரியாகத் தொகுத்தது. தென்னார்க்காடு மாவட்டத்தின் கணக்குகள் தலைநகரான கடலூரில் ஒன்று சேர்ந்தன. ஊரில் இறப்பை எழுதும் பொறுப்பு கிராம முனிசீப்பான மணியக்காரர் போன்ற ஊர் அலுவலர்களுடையது. அவர்களில் எவரும் மருத்துவர் அல்லர். எனவே படிவத்தில் எளிய பத்திகளே இருந்தன: காலரா, பெரியம்மை, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, காயங்கள், பிற காரணங்கள். 'காயங்கள்' என்ற பத்தி தற்கொலை, விபத்து, பாம்புக்கடியும் விலங்குத் தாக்குதலும் என மேலும் பிரிக்கப்பட்டது.

இந்தப் பத்திகளைக் கொண்டு வெயிலால் இறந்தவர்களைத் தேடினால் அவர்கள் சிதறிக் கிடப்பதைக் காணலாம். வயலில் மயங்கி விழுந்து இறந்தவர் 'காய்ச்சல்' பத்திக்கோ 'பிற' பத்திக்கோ போனார். கிணற்றில் இறங்கி மூழ்கியவர் 'விபத்து' ஆனார். கடன் தொல்லையும் வறட்சியும் சேர்ந்து உயிரை மாய்த்துக்கொண்டவர் 'தற்கொலை' ஆனார். அன்று அடித்த வெயில் வானிலை நிலையத்தின் ஏட்டில் இருந்தது. இறப்பு ஊர்க் கணக்கில் இருந்தது. இரண்டும் வெவ்வேறு அலுவலகங்களில் வெவ்வேறு நோக்கங்களுக்காக எழுதப்பட்டன.

இயற்கைக்கு மாறான இறப்பு நேர்ந்தால் ஊர் அலுவலர் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதியும் இருந்தது. 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவு இத்தகைய இறப்புகளை விசாரிக்க வழிசெய்தது. 1973ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அதே எண்ணுடன் அப்பிரிவு தொடர்ந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 194ஆம் பிரிவாகியுள்ளது. இந்த விசாரணையின் கேள்வி, இறப்பில் வேறொருவரின் குற்றம் உண்டா என்பதே. அன்றைய வெப்பநிலை என்ன, இறந்தவர் எத்தனை மணி நேரம் வெயிலில் நின்றார் என்பவை அந்தக் கேள்விக்குள் வருவதில்லை. 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் நாடு முழுவதற்கும் பொதுவான முறையைக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் 1980இல் பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகள் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தனர். எழுதுபவர் மாறினாலும் கடைசிக் காரணத்தை மட்டும் எழுதும் வழக்கம் மாறவில்லை.

கூரையும் தீயும்

தென்னார்க்காட்டு ஏழைகளின் வீடுகள் நெடுங்காலம் கூரை வீடுகளாகவே இருந்தன. தென்னங்கீற்று, பனையோலை, வைக்கோல், கரும்புச் சோகை ஆகியவை கூரை வேயப் பயன்பட்டன. கூரை வீடு வெயிலுக்கு நல்ல காப்பு. ஓடோ தகரமோ போல அது சூட்டை உள்ளே இறக்காது. ஆனால் பல மாதங்கள் மழையின்றிக் காய்ந்த கீற்று ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். காற்று வீசும் பிற்பகலில் ஒரு வீட்டில் பிடித்த தீ வரிசை முழுவதையும் தின்றுவிடும். வெயிலைத் தடுத்த கூரையே வெயிலால் ஆபத்தாவது இதன் முரண்.

இதன் கொடுமையைத் தமிழ்நாடு முழுவதும் உணர்ந்தது சிதம்பரத்துக்குத் தென்மேற்கே உள்ள கும்பகோணத்தில் நடந்த பள்ளித் தீ விபத்தில்தான். 2004 ஜூலை 16 அன்று சத்துணவுச் சமையலறையில் தொடங்கிய தீ, பள்ளியின் கீற்றுக் கூரைக்குப் பரவியது. 94 குழந்தைகள் இறந்தனர். அந்த விபத்துக்கு வெயில் காரணமன்று. நெரிசலான வகுப்பறைகளும் வெளியேற வழியின்மையும் விதிமீறல்களுமே காரணங்கள். காய்ந்த கூரை, தீ பரவும் வேகத்தைக் கூட்டியது. அதன் பின்னர் பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு ஆணையிட்டது.

வீடுகளைப் பொறுத்தவரை மாற்றம் மெதுவாக வந்தது. 2010இல் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கும் கலைஞர் வீட்டு வசதித் திட்டம் தொடங்கப்பட்டது. 2011 டிசம்பர் 30 அன்று கடலூர்க் கரையைக் கடந்த தானே புயல் ஏராளமான குடிசைகளை அழித்தது. அதன் பின்னும் கான்கிரீட் வீடுகள் கட்டும் திட்டம் அறிவிக்கப்பட்டது. கான்கிரீட் கூரை தீயின் ஆபத்தைக் குறைக்கிறது. எனினும் பகலில் வாங்கிய சூட்டை இரவில் வெளிவிடும் அந்தக் கூரையின் கீழ் தூக்கம் கெடுகிறது. மறுநாள் வேலைக்குப் போகும் உடல் முந்தைய நாளின் களைப்போடு போகிறது. ஒரு வகைக் காயத்தைக் குறைத்த மாற்றம், வேறு வகைக் காயங்களுக்கு இடந்தருவதை வீட்டுத் திட்டங்கள் அண்மைக் காலம் வரை கணக்கில் கொள்ளவில்லை.

ஆறும் குளமும்

வெயிலோடு மிக நெருங்கிய தொடர்புடைய காயச் சாவு நீரில் மூழ்குவதாகும். வெப்பம் கூடும்போது மக்கள் நீரைத் தேடிச் செல்கின்றனர். கோடை விடுமுறையில் சிறுவர் சிறுமியர் வீட்டில் இருக்கின்றனர். ஆறுகள் வற்றியிருப்பதால் நீர் எங்கும் பரவி நிற்காமல் தடுப்பணையின் அடியிலும் மணல் எடுத்த பள்ளங்களிலும் மட்டும் தேங்கி நிற்கிறது. மேலிருந்து பார்க்க முழங்கால் அளவாகத் தெரியும் நீரில், இரண்டடி தள்ளி ஆள் உயரப் பள்ளம் இருக்கலாம்.

2022 ஜூன் 5, ஞாயிற்றுக்கிழமை, நெல்லிக்குப்பத்தை அடுத்த குச்சிப்பாளையம் அருகே கெடிலம் ஆற்றுத் தடுப்பணையில் தேங்கியிருந்த நீரில் குளிக்கச் சென்ற ஏழு பேர் மூழ்கி இறந்தனர். அனைவரும் சிறுமியரும் இளம்பெண்களும் ஆவர். கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறக்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. ஒருவர் பள்ளத்தில் சிக்க, காப்பாற்ற முயன்ற மற்றவர் அடுத்தடுத்துச் சிக்குவது இத்தகைய கூட்டு இறப்புகளில் திரும்பத் திரும்பக் காணப்படுவது. நீச்சல் தெரியாமை, பள்ளம் பற்றிய எச்சரிக்கைப் பலகை இன்மை, அருகில் கயிறோ மிதவையோ இன்மை ஆகியவை காரணங்களாக எண்ணப்படும். கிராமத்துப் பெண்பிள்ளைகளுக்கு நீச்சல் கற்கும் வாய்ப்பு ஆண்பிள்ளைகளைவிடக் குறைவு என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சிதம்பரம் பக்கத்தில் நீரின் ஆபத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. பழைய கொள்ளிடம் ஆற்றிலும் அதை ஒட்டிய வாய்க்கால்களிலும் நன்னீர் முதலைகள் வாழ்கின்றன. பிடிபடும் முதலைகளை வனத்துறையினர் வக்காரமாரி நீர்த்தேக்கத்தில் விடுவது வழக்கம். ஆற்றில் குளிக்கவும் துணி துவைக்கவும் மாட்டைக் கழுவவும் இறங்குவோரை முதலை தாக்கிய நிகழ்வுகள் இந்த ஊர்களில் பல. நீர்நிலைகள் சுருங்கும் காலத்தில் மனிதரும் மாடும் முதலையும் எஞ்சியிருக்கும் அதே நீரைப் பகிர நேர்கிறது.

உலக நலவாழ்வு அமைப்பின் மதிப்பீட்டின்படி 2021இல் உலகெங்கும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். ஐக்கிய நாடுகள் அவை ஆண்டுதோறும் ஜூலை 25ஐ நீரில் மூழ்குதல் தடுப்பு நாளாக அறிவித்துள்ளது.

வேலையும் சாலையும்

கடலூர் மாவட்டத்தின் வெயில்கால உழைப்பில் உயரம் ஏறும் வேலைகள் மிகுதி. பண்ருட்டி வட்டாரத்தில் பலாவும் முந்திரியும் கோடையில் அறுவடையாகின்றன. நுங்கும் பதநீரும் அதே பருவத்தவை. பலா வெட்டவும் பனை ஏறவும் கைப்பிடியும் கால்பிடியும் உறுதியாக இருக்க வேண்டும். வியர்த்த கையும் நீரிழந்த உடலின் தலைச்சுற்றலும் அந்த உறுதியைக் குலைக்கின்றன. கட்டட வேலையில் சாரத்தில் நிற்பவருக்கும் இதே நிலைதான். சித்தாள்களும் கொத்தனார்களும் நாட்கூலி பெறுவோர் ஆதலால், நண்பகலில் வேலையை நிறுத்தினால் கூலி குறையும். ஓய்வு எடுப்பது உடல்நலச் செய்தி மட்டுமன்று, கூலியின் செய்தியும் ஆகும்.

கடலூர் சிப்காட் ஆலைகளிலும் நெய்வேலி அனல்மின் நிலையங்களிலும் உலையின் சூட்டோடு வெயிலின் சூடும் சேர்கிறது. ஆனால் கோடையில் நடந்த ஒவ்வொரு விபத்தையும் வெயிலின் கணக்கில் எழுதுவது பிழையாகும். 2020 மே 7 அன்றும் ஜூலை 1 அன்றும் நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் விபத்துகள் நேர்ந்து தொழிலாளர் பலர் இறந்தனர். அவை கொதிகலன் பராமரிப்பு, பாதுகாப்பு நடைமுறை தொடர்பானவை. மாதம் ஒத்துவருவதால் மட்டும் காரணம் ஒத்துவராது.

சாலையிலும் இதே எச்சரிக்கை தேவை. இந்தியாவில் சாலை விபத்துகள் மிகுந்த மாதங்களின் வரிசையில் மே முன்னிற்கிறது. திருமணங்கள், விடுமுறைப் பயணங்கள் ஆகியவற்றால் போக்குவரத்து கூடுவதும் அதற்குக் காரணம். அதோடு இரவுத் தூக்கம் கெட்ட ஓட்டுநர், சூடேறிய தேய்ந்த டயர், தலை வேர்க்கிறது என்று கழற்றிவைக்கப்பட்ட ஹெல்மெட் ஆகியவையும் சேர்கின்றன. கடலூரையும் சிதம்பரத்தையும் இணைக்கும் கடலோர நெடுஞ்சாலையில் இவை அனைத்தும் ஒன்றுகூடுகின்றன.

கூட்டங்களும் ஆபத்தாகலாம். 2016 ஏப்ரல் 11 அன்று கடலூர் மாவட்டம் விருத்தாசலத்தில் பகல் வெயிலில் நடந்த தேர்தல் பொதுக்கூட்டத்துக்கு வந்தவர்களில் இருவர் இறந்தனர். பலர் மயங்கி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் விமானப்படைச் சாகசக் காட்சி காண வந்தோரில் ஐவர் இறந்தனர். வெயில், நெரிசல், நீரின்மை மூன்றும் சேரும்போது எது கொன்றது என்று பிரித்துச் சொல்வது கடினம்.

ஆய்வுகள் காட்டும் அளவு

மறைமுகக் காயச் சாவுகளின் அளவை மதிப்பிட்ட முதன்மையான ஆய்வுகளுள் ஒன்று, ராபி பார்க்ஸ், மஜித் எஸ்ஸாத்தி உள்ளிட்டோர் 2020 ஜனவரியில் 'நேச்சர் மெடிசின்' இதழில் வெளியிட்டது. அமெரிக்காவின் 1980 முதல் 2017 வரையிலான காயச் சாவுக் கணக்குகளை மாதாந்தர வெப்பநிலையோடு அது பொருத்திப் பார்த்தது. ஓர் ஆண்டு இயல்பைவிட 1.5 பாகை செல்சியஸ் கூடுதல் வெப்பமாக இருந்தால் சுமார் 1,600 காயச் சாவுகள் கூடும் என்பது அதன் மதிப்பீடு. அவற்றில் 84 சதவீதம் ஆண்கள். பெரும்பாலோர் பதின்பருவம் முதல் நடுவயது வரையிலானோர். நீரில் மூழ்குதல், போக்குவரத்து விபத்து, தாக்குதல், தற்கொலை ஆகியவை கூடின. முதியோர் விழுந்து இறப்பது மட்டும் குறைந்தது. குளிர்நாட்டில் பனியில் வழுக்கி விழுவது வெப்பமான ஆண்டில் குறைவதை இதற்கு ஒரு விளக்கமாகக் கொள்ளலாம். பனி இல்லாத கடலூருக்கு அந்த ஆறுதல் பொருந்தாது.

கலிபோர்னியாவின் தொழிலாளர் இழப்பீட்டுக் கோரிக்கைகளை ஆராய்ந்த ஜிசுங் பார்க் குழுவினர், வெப்பம் 100 பாகை பாரன்ஹீட்டைத் தாண்டும் நாட்களில் வேலையிடக் காயங்கள் 10 முதல் 15 சதவீதம் வரை கூடுவதைக் கண்டனர். வெப்ப நோய்கள் மட்டுமன்றி, விழுதல், இயந்திரத்தில் சிக்குதல் போன்ற காயங்களும் கூடின.

இந்தியாவைப் பற்றிய குறிப்பிடத்தக்க ஆய்வு டாமா கார்ல்டன் 2017இல் வெளியிட்டது. பயிர் வளரும் பருவத்தில் 20 பாகைக்கு மேற்பட்ட ஒரு நாளில் வெப்பம் ஒரு பாகை கூடினால், நாடு முழுவதும் சராசரியாக 67 தற்கொலைகள் கூடுகின்றன என்று அது மதிப்பிட்டது. பயிர் இல்லாத பருவத்தில் அந்தத் தொடர்பு காணப்படவில்லை. விளைச்சல் இழப்பே இடைப்பட்ட காரணம் என்று இதிலிருந்து அவர் முடிவு செய்தார். இது நாட்டுச் சராசரி. சம்பா நெல்லும் கரும்பும் முந்திரியும் வெவ்வேறு பருவங்களில் விளையும் ஒரு மாவட்டத்துக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. ஆயினும் வெயிலுக்கும் தற்கொலைக்கும் நடுவே கடனும் விளைச்சலும் நிற்கின்றன என்ற அதன் முடிவு, வேளாண்மை சார்ந்த எந்த ஊருக்கும் பொருளுள்ளது.

இறப்புச் சான்றுகளில் வெயிலைத் தேடாமல் மொத்த இறப்புகளைக் கணக்கிடும் முறை இந்தியாவில் அகமதாபாத்தில் பயன்பட்டது. 2010 மே மாத வெப்ப அலையின்போது அந்நகரில் இயல்பைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்ததாக மதிப்பிடப்பட்டது. அதன் விளைவாக 2013இல் அந்நகரம் வெப்பச் செயல்திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது.

தடுப்பும் அரசு நடவடிக்கையும்

வெயிலுக்கு ஏற்ப நாளை அமைத்துக்கொள்ளும் வழக்கம் தமிழகத்தில் பழையது. விடியுமுன் ஏர் பூட்டி வெயில் ஏறுமுன் அவிழ்ப்பது, நண்பகலில் மரநிழலில் சாய்வது, நீராகாரமும் மோரும் குடிப்பது ஆகியவை அதன் கூறுகள். நெடுவழிகளில் இருந்த சாவடிகளும் தண்ணீர்ப் பந்தல்களும் சுமைதாங்கிக் கற்களும் அறச்செயல்களாகக் கருதப்பட்டன. பயன்பாட்டில் அவை வெயில் விபத்துத் தடுப்பு அமைப்புகளும் ஆகும். நேரத்தைத் தானே வகுத்துக்கொண்ட உழவருக்கு இவை உதவின. பிறர் வகுத்த நேரத்தில் உழைக்கும் கூலித் தொழிலாளிக்குச் சட்டமே நிழலாக வேண்டும்.

இந்த மாவட்டத்திலிருந்தும் பலர் வேலைக்குச் செல்லும் வளைகுடா நாடுகளில் அத்தகைய விதிகள் உள்ளன. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளி வேலைக்குத் தடை உண்டு. கத்தார் 2021இல் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் பிற்பகல் 3.30 வரை வெயிலில் வேலை செய்வதைத் தடை செய்தது. வெப்பம், ஈரம், வெயில், காற்று நான்கையும் சேர்த்து அளக்கும் குறியீடு 32.1 பாகையைத் தாண்டினால் எந்த நேரத்திலும் வேலையை நிறுத்த வேண்டும் என்றும் விதித்தது.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் இறப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் வழங்கவும் வழிசெய்தது. இதனால் இறப்பின் காரணம் என்ன என்று எழுதப்படுவது முன்னைவிட முக்கியமாகிவிட்டது. வெயிலில் மயங்கிச் சாரத்திலிருந்து விழுந்த தொழிலாளியின் சான்றில் 'தலைக்காயம்' என்று மட்டும் இருந்தால், அவர் வெயிலால் இறந்தார் என்பதற்கு அவர் குடும்பத்திடம் சான்று இல்லை.

மதிப்பீடு

கடலூர்–சிதம்பரம் பகுதியின் அனுபவம் ஒரு பொதுவான உண்மையைத் தெளிவாக்குகிறது. வெயில் தனியே கொல்வதைவிட, மணல் பள்ளம், காய்ந்த கூரை, பிடிமானமற்ற சாரம், கடன், நாட்கூலி ஆகிய துணைகளோடு சேர்ந்தே மிகுதியாகக் கொல்கிறது. அந்தத் துணைகள் மனிதரால் மாற்றக்கூடியவை. தடுப்பணைகளில் ஆழப் பலகையும் மீட்புக் கயிறும் வைத்தல், பள்ளிகளில் பெண்பிள்ளைகளுக்கும் நீச்சல் கற்பித்தல், உச்சி வெயிலில் கூலி குறையாத ஓய்வு அளித்தல், கூட்டங்களை மாலைக்கு மாற்றுதல் ஆகியவற்றுக்குப் பெருஞ்செலவு தேவையில்லை.

பதிவிலும் ஒரு மாற்றம் இயலும். இயற்கைக்கு மாறான இறப்பு ஒவ்வொன்றின் விசாரணை அறிக்கையிலும் அன்றைய உச்ச வெப்பநிலையையும், இறந்தவர் வெயிலில் இருந்த நேரத்தையும் ஒரு வரியில் சேர்த்தால் போதும். சில ஆண்டுகளில், ஊர்க் கணக்கும் வானிலைக் கணக்கும் முதன்முறையாக ஒரே தாளில் சந்திக்கும்.